கான்ஸ்டன்ஸ் கென்ட் அப்புறம் என்ன ஆனார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டு முடித்த பிறகு, ரோடு ஹில் கொலை வழக்கை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். 1860, இங்கிலாந்து, ஒரு பெரிய வீடு, காணாமல் போன குழந்தை, ஸ்காட்லாந்து யார்டில் இருந்து வந்த துப்பறிவாளர், ஐந்து வருடம் கழித்து வந்த வாக்குமூலம், தூக்குத் தண்டனை, அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. கதை முடிந்துவிட்டது என்று நினைத்து நிறுத்தினேன். அம்மா விடவில்லை. "சரி, அந்தப் பொண்ணு அப்புறம் என்ன ஆனா?"

நல்ல கேள்வி. குற்ற வழக்குகளைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் தீர்ப்போடு நின்றுவிடும். ஆனால் இந்த வழக்கின் குற்றவாளி தீர்ப்பு வந்த நாளில் 21 வயதுப் பெண். அதற்குப் பிறகு இன்னும் 79 வருடம் இருக்கிறது. அந்த 79 வருடத்தில் சிறையில் கழிந்தது 20 மட்டுமே. மிச்சத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள், எந்த ஆவணம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதுதான் இந்தப் பதிவு. பழைய ஆட்களைத் தேடிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு இதில் உபயோகமான சில விஷயங்கள் உண்டு.

வழக்கு, சுருக்கமாக

தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

சாமுவேல் கென்ட் தொழிற்சாலை ஆய்வாளர், அரசு அதிகாரி. முதல் மனைவி 1852இல் இறந்துபோனார். வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த ஆசிரியையையே அடுத்த வருடம் திருமணம் செய்துகொண்டார். முதல் மனைவியின் பிள்ளைகளில் கடைசி இருவர் கான்ஸ்டன்ஸும் அவர் தம்பி வில்லியமும். சித்தி வந்தபின் அக்காவும் தம்பியும் வீட்டில் ஓரம்கட்டப்பட்டார்கள் என்பது பிற்பாடு வழக்கில் பேசப்பட்ட விஷயம். 1856இல் இருவரும் வீட்டை விட்டே ஓடினார்கள். கான்ஸ்டன்ஸ் தலைமுடியை வெட்டி, தம்பியின் துணியைப் போட்டுக்கொண்டு பையன் வேடத்தில் போனார். பாத் நகரம் வரை போய் மாட்டிக்கொண்டார்கள். அக்காவுக்கு 12 வயது, தம்பிக்கு 11. இந்தத் தம்பியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படுவார்.

வில்ட்ஷைர், சாமர்செட் மாவட்டங்களின் எல்லையில் ரோடு என்ற கிராமம். 1860 ஜூன் 29ஆம் தேதி இரவு, அந்த வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த சித்தியின் மகன் பிரான்சிஸ் காணாமல் போனான். நான்கு வயது கூட முடியவில்லை. மறுநாள் காலையில் தோட்டத்துக் கழிப்பறையில் உடல் கிடைத்தது. உள்ளூர் போலீசால் ஒன்றும் முடியாமல், லண்டனில் இருந்து ஜோனதன் விச்சர் வந்தார். கான்ஸ்டன்ஸின் மூன்று இரவு உடைகளில் ஒன்று காணவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு, 16 வயதுப் பெண்ணைக் கைது செய்தார். ஆதாரம் போதவில்லை, ஒரு வாரத்தில் கான்ஸ்டன்ஸ் வெளியே வந்துவிட்டார். மரியாதைப்பட்ட குடும்பத்துப் பெண்மேல் ஒரு போலீஸ்காரன் கைவைத்தான் என்று பத்திரிகைகள் விச்சரைக் கிழித்துத் தொங்கவிட்டன.

1865 ஏப்ரல் 25ஆம் தேதி கான்ஸ்டன்ஸ் தானாகவே லண்டன் பௌ ஸ்ட்ரீட் நீதிமன்றத்துக்கு வந்து, நான்தான் செய்தேன் என்றார். ஜூலையில் சாலிஸ்பரியில் விசாரணை, குற்றத்தை ஒப்புக்கொண்டதால் சில நிமிடங்களில் தீர்ப்பு. தூக்கு. பிறகு அரசியின் பெயரால் அது ஆயுள் சிறையாக மாற்றப்பட்டது.

இந்த வழக்கு நமக்கு வேறு வழியில் ஏற்கெனவே பழக்கம். வில்கி காலின்ஸ் 1868இல் எழுதிய 'மூன்ஸ்டோன்' நாவலில் வரும் சார்ஜன்ட் கஃப் என்ற துப்பறிவாளருக்கு விச்சர் ஒரு முன்மாதிரி. காணாமல் போன இரவு உடை அந்த நாவலில் கறை பட்ட உடையாக வருகிறது. நாவலில் களவு போகும் வைரமோ 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது கொள்ளையடிக்கப்பட்டது. நான் அந்த நாவலின் வால் பிடித்துத்தான் இந்த வழக்குக்கு வந்து சேர்ந்தேன்.

அரசு பிடித்து வைத்திருக்கும்வரை காகிதம் இருக்கும்

ஆவணங்களில் ஆள் தேடுபவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இது. ஒருவர் அரசின் கையில் இருக்கும் காலத்துக்குக் காகிதம் மலைபோல் இருக்கும். கையை விட்ட மறுநாளே காகிதம் நின்றுவிடும்.

கான்ஸ்டன்ஸ் விஷயத்தில் பாருங்கள். கொலை விசாரணை தொடர்பான லண்டன் பெருநகரப் போலீஸ் கோப்பு, க்யூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் 'மெப்போ' என்ற வரிசையில் இருக்கிறது. விச்சர் தன் மேலதிகாரிக்கு எழுதிய அறிக்கைகள் அதில் உண்டு. வழக்கு மன்றத் தாள்கள் 'அசி' வரிசையில். சிறையில் இருந்து விடுதலை கேட்டு அவர் பலமுறை மனுப் போட்டார். அவை உள்துறை அமைச்சகத்தின் 'எச்ஓ' வரிசையில். மில்பேங்க், பார்க்ஹர்ஸ்ட், வோக்கிங், ஃபுல்ஹாம் என்று எந்தச் சிறையில் இருந்தார் என்பதெல்லாம் தெரியும். மனுக்கள் ஒவ்வொன்றாக நிராகரிக்கப்பட்டன. 20 வருடம் முழுதாக முடிந்த பிறகே, 1885 ஜூலை 18ஆம் தேதி, விடுதலை. அப்போது அவருக்கு வயது 41. இளமை முழுக்க உள்ளேயே போயிற்று.

அன்றோடு கான்ஸ்டன்ஸ் கென்ட் என்ற பெயர் அரசின் தாள்களில் முடிகிறது. அவரைப் பிடித்த விச்சர் நான்கு வருடம் முன்பே இறந்துவிட்டார். அப்பாவும் சித்தியும் அதற்கும் முன்பே போய்ச் சேர்ந்தார்கள்.

பெயரைத் தேடினால் கிடைக்காது

இங்கே புதிதாகத் தேடுபவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. நானும் வேறு ஆட்கள் விஷயத்தில் செய்திருக்கிறேன். தேடல் பெட்டியில் பெயரைப் போடுவது, வராவிட்டால் எழுத்துக்கூட்டலை மாற்றிப் போடுவது. கான்ஸ்டன்ஸ் கென்ட் என்று 1891 இங்கிலாந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடலாம். அந்தப் பெயரில் யாராவது கிடைக்கவும் கூடும். பெயர் ஒத்துப்போகிறது, வயது கிட்டத்தட்ட சரி, உடனே "கண்டுபிடிச்சாச்சு!" என்று எழுதிவிடுவோம். அது முற்றிலும் வேறு ஒருவராக இருக்கும்.

நாடே அறிந்த கொலைகாரி, வெளியே வந்த பின் தன் பெயரை வைத்துக்கொள்ள மாட்டார். இங்கிலாந்துச் சட்டத்தில் பெயர் மாற்றுவதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஏமாற்றும் நோக்கம் இல்லாதவரை, நாளை முதல் நான் இன்னார் என்று சொல்லி, அப்படியே வாழ ஆரம்பித்தால் போதும். கெசட்டில் போட வேண்டாம், பத்திரம் எழுத வேண்டாம். ஆக, பழைய பெயரில் இருந்து புதிய பெயருக்குப் போகும் தாள் என்று ஒன்று இருந்தே ஆகவேண்டிய கட்டாயம் இல்லை.

அப்படியானால் எதைத் தேடுவது? பெயரை மாற்றினாலும் மாற்றமுடியாதவற்றை. அவை நான்கு: உடன்பிறந்தவர்கள், பிறந்த தேதி, கையில் இருக்கும் தொழில், பழக்கம்.

உடன்பிறந்தவர்களில் இருந்து தொடங்குவோம். தம்பி வில்லியம் இதற்குள் பெரிய ஆள். வில்லியம் சாவில்-கென்ட் என்று பெயரை நீட்டிக்கொண்டு, கடல் உயிரியல் அறிஞர் ஆகிவிட்டார். இங்கிலாந்தின் மீன் காட்சியகங்களில் வேலை பார்த்தவர், 1884இல் டாஸ்மேனியா அரசின் மீன்வளக் கண்காணிப்பாளராகக் கப்பல் ஏறினார். 1893இல் அவர் வெளியிட்ட 'ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு' பற்றிய புத்தகம், பவளப்பாறைகளின் புகைப்படங்களுக்காக இன்றும் பேசப்படுகிறது. இப்படிப்பட்ட ஒருவரைத் தேடுவது சுலபம். அரசு வேலை, அறிக்கைகள், பத்திரிகைச் செய்திகள் என்று எங்கும் தடம். சித்தியின் பிள்ளைகளில் சிலரும், அதாவது கொலையான குழந்தையின் கூடப்பிறந்தவர்களும், ஆஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

தம்பி 1884இல் போகிறார், அக்கா 1885இல் விடுதலை ஆகிறார். அடுத்து பார்க்கவேண்டிய இடம் 1886இன் கப்பல்கள்.

அந்த வருடத் தொடக்கத்தில் எமிலி கேய் என்ற பெண் டாஸ்மேனியாவுக்குப் போகிறார். பிற்பாடு முழுப்பெயர் ரூத் எமிலி கேய். கான்ஸ்டன்ஸின் ஞானஸ்நானப் பெயரை முழுசாகப் பாருங்கள்: கான்ஸ்டன்ஸ் எமிலி கென்ட். 1860களில் பிரான்சில் கன்னிமாடத்துப் பள்ளியில் இருந்தபோதே அவர் எமிலி என்ற பெயரைத்தான் வைத்துக்கொண்டிருந்தார். ஆக நடுப்பெயர் அப்படியே. குடும்பப் பெயரின் முதல் ஒலியும் அப்படியே, கென்ட் கேய் ஆகியிருக்கிறது. பழக்கம் என்று நான் சொன்னது இதைத்தான். பெயர் மாற்றுகிறவர்கள் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும் அல்லவா! அதனால் பழைய பெயரின் ஒரு துண்டைக் கூடவே எடுத்துப்போவது அடிக்கடி நடக்கிறது.

இந்த இரண்டு பெயர்களும் ஒருவரே என்று வாசகர்களுக்குத் தெரிய வந்தது பெர்னார்ட் டெய்லர் 1979இல் வெளியிட்ட புத்தகத்தின் மூலம். அதாவது அவர் இறந்து 35 வருடம் கழித்து. பிறகு கேட் சம்மர்ஸ்கேல் 2008இல் விச்சரை மையமாக வைத்து எழுதியதும், நோலின் கைல் 2009இல் எழுதியதும் அந்த வாழ்க்கையை இன்னும் விரிவாக நிரப்பின.

குற்றவாளியாகப் போயிருந்தால்

இதில் ஒரு முரண் இருக்கிறது. டாஸ்மேனியா என்பது பழைய வான் டீமன் நிலம். இங்கிலாந்து தன் குற்றவாளிகளை நாடு கடத்திய தீவு. 1853இல்தான் அது நின்றது. அப்படிக் கொண்டுவரப்பட்டவர்களைப் பற்றி அங்கே இருக்கும் பதிவுகள் அபாரமானவை. உயரம், கண்ணின் நிறம், முகத்துத் தழும்பு, கையில் பச்சை குத்தியிருப்பது, எழுதப் படிக்கத் தெரியுமா, என்னென்ன வேலை தெரியும், அங்கே வந்தபின் எத்தனை தடவை தண்டனை வாங்கினார் என்று எல்லாம் இருக்கும். ஆஸ்திரேலியக் குற்றவாளிகள் பதிவேடுகள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலிலேயே இடம் பெற்றவை.

கான்ஸ்டன்ஸ் ஒரு தலைமுறை முன்பு பிறந்து, கைதியாக அந்தத் தீவுக்குப் போயிருந்தால், அவருடைய கண்ணின் நிறம் வரைக்கும் நமக்கு அங்கேயே கிடைத்திருக்கும். சுதந்திரமான பெண்ணாகப் போனதால் பயணிகள் பட்டியலில் ஒரு வரி.

அதோடு, ஆஸ்திரேலியாவில் இன்னொரு சிக்கல். இங்கிலாந்தில் 1841 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தாள்கள் பெயரோடு இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் எண்களை எடுத்துக்கொண்டு, பெயர் இருந்த தாள்களைப் பெரும்பாலும் அழித்துவிட்டார்கள். வாக்காளர் பட்டியல் உண்டு. ஆனால் நியூ சவுத் வேல்ஸில் பெண்களுக்கு வாக்குரிமை வந்ததே 1902இல். அதற்கு முன்பு, கல்யாணம் ஆகாத, சொத்து இல்லாத ஒரு வேலைக்காரப் பெண் எந்தப் பட்டியலிலும் வர வேண்டிய அவசியமே இல்லை.

எனவே மிச்சம் இருப்பது தொழில்.

ஒரு நர்ஸின் தடம்

ரூத் எமிலி கேய் நர்ஸ் ஆனார். மருத்துவமனைகளும் அரசு நிறுவனங்களும் தங்கள் ஊழியர்களைப் பற்றிக் கணக்கு வைத்திருக்கும். அந்த வழியே வரும் சுருக்கம் இது:

1890 வாக்கில் மெல்போர்னில் டைபாய்டு நோயாளிகளைக் கவனிக்க முன்வந்தார். அங்கே ஆல்ஃபிரெட் மருத்துவமனையில் பயிற்சி. வயது 46.

பிறகு சிட்னிக்குத் தெற்கே லிட்டில் பே என்ற இடத்தில் இருந்த கோஸ்ட் மருத்துவமனையில், தொழுநோய்ப் பெண்கள் பிரிவின் பொறுப்பாளர்.

1898 முதல் 1909 வரை, பாராமட்டாவில் இருந்த சிறுமியர் தொழிற்பள்ளியில் வேலை. பெயர்தான் பள்ளி. ஆதரவற்றவர்கள், வழிதவறியவர்கள் என்று நீதிமன்றம் அனுப்பிவைத்த பெண்பிள்ளைகளை அடைத்து வைத்த இடம்.

பிறகு மிட்டகாங் ஊரில் ஒரு வருடம். 1911இல் ஈஸ்ட் மெய்ட்லண்டில் பியர்ஸ் நினைவு நர்ஸ் இல்லத்தின் மேட்ரன். சேரும்போது வயது 67. அங்கே 1932 வரை இருந்தார். ஓய்வு பெறும்போது 88.

1944 ஏப்ரல் 10ஆம் தேதி, சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்ட் பகுதியில் இறந்தார். ருக்வுட்டில் தகனம். வயது 100.

ஒருமுறை கூட்டிப் பாருங்கள். 16 வருடச் சிறுமிக் காலம், 5 வருடச் சந்தேகக் காலம், 20 வருடச் சிறை, 58 வருட ஆஸ்திரேலியா. உலகத்துக்குத் தெரிந்த கான்ஸ்டன்ஸ் கென்ட் நடுவில் இருக்கும் 25 வருடம் மட்டுமே. நான் ஞாயிற்றுக்கிழமை சொன்ன கதையும் அந்தக் கால் பங்குதான்.

இருவரும் ஒருவரே என்று எப்படி நம்புவது?

இது முக்கியம். தகவல்களை வரிசையாக அடுக்கிவிட்டால் எல்லாம் பொருந்துவது போலவே தெரியும். அதனால் நான் ஒவ்வொரு முறையும் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வேன்.

ஒன்று: பழைய ஆள் அந்தத் தேதிக்குப் பிறகு வேறு எங்காவது உயிரோடு இருக்கிறாரா? வேறு ஊரில் இறந்ததாகவோ, திருமணம் செய்ததாகவோ பதிவு இருந்தால் கதை முடிந்தது.

இரண்டு: புதிய ஆளுக்கு அந்தத் தேதிக்கு முன்பு ஒரு வாழ்க்கை இருக்கிறதா? இங்கிலாந்தில் 1837 முதல் பிறப்புப் பதிவு உண்டு. கேய் என்ற குடும்பத்தில் அந்தப் பெயரோடு, அந்த வயதோடு ஒரு குழந்தை பிறந்து வளர்ந்த தடம் கிடைத்தால், இரண்டு பேரையும் ஒட்டவைக்க முடியாது. இந்தச் சோதனையைப் பலர் செய்வதே இல்லை. நமக்குப் பிடித்த முடிவை உடைக்கக்கூடிய தாளைத்தான் முதலில் தேட வேண்டும்.

மூன்று: இரண்டு வாழ்க்கையும் ஏதாவது ஓரிடத்தில் தொடுகின்றனவா? இங்கே தொடுகின்றன. தம்பி இருந்த தீவு, விடுதலைக்கு அடுத்த வருடம், நடுப்பெயர். அதோடு வயது. 1944 ஏப்ரல் 10ஆம் தேதி 100 வயது என்றால், அவர் பிறந்தது 1843 ஏப்ரலுக்கும் 1844 ஏப்ரலுக்கும் நடுவே. கான்ஸ்டன்ஸ் கென்ட் பிறந்தது 1844 பிப்ரவரி 6. பெயரை மாற்றியவர் வயதை மாற்றவில்லை.

இதில் எந்த ஒன்றும் தனியாக நின்றால் ஆதாரம் ஆகாது. 1844இல் பிறந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. எமிலிகளும் அப்படியே. நான்கு இழைகளும் ஒரே கயிறாகத் திரியும்போதுதான் பிடித்து இழுக்கலாம்.

இறப்புச் சான்றிதழைப் பற்றியும் ஒரு வார்த்தை. நியூ சவுத் வேல்ஸ் சான்றிதழில் பெற்றோர் பெயர், பிறந்த ஊர், எத்தனை வருடமாக ஆஸ்திரேலியாவில் இருக்கிறார் என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். பார்த்தால் தங்கச் சுரங்கம் போல இருக்கும். ஆனால் பதில் சொல்வது இறந்தவர் இல்லை, கூட இருந்த யாரோ. ஆயுள் முழுக்க ரகசியம் காத்த ஒருவரைப் பற்றி, அவர் சொன்னதைத்தான் அவர்களால் திருப்பிச் சொல்ல முடியும். தேதிக்கும் இடத்துக்கும் நம்பலாம், பிறப்புக்கு நம்பக்கூடாது.

இரண்டு பொறிகள்

முதல் பொறி, அழகான கதை. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் நிலவறையில் இருக்கும் மொசைக் தரையைக் காட்டி, கான்ஸ்டன்ஸ் கென்ட் செய்தது என்பார்கள். வோக்கிங் சிறையின் பெண் கைதிகள் தேவாலயங்களுக்கு மொசைக் செய்து கொடுத்தார்கள் என்பது உண்மை. அவர் அந்தச் சிறையில் இருந்தார் என்பதும் உண்மை. ஆனால் இந்தக் கல்லை வைத்தது இந்தக் கை என்று சொல்வது இவற்றில் இருந்து கிடைக்காது. பெயர் தெரியாத நூறு பெண்களின் உழைப்பு, பெயர் தெரிந்த ஒருத்தியின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. புகழ்பெற்ற குற்றவாளிகளுக்கு இந்தக் காந்த குணம் உண்டு.

இரண்டாவது பொறி, ஒரு கடிதம். 1928இல் ஜான் ரோடு என்ற எழுத்தாளர் இந்த வழக்கைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அடுத்த வருடம் பதிப்பாளருக்கு சிட்னியில் இருந்து கையெழுத்து இல்லாத நீண்ட கடிதம் வந்தது. கான்ஸ்டன்ஸின் சிறுவயதைப் பற்றி, அவர் அம்மாவைப் பற்றி, வீட்டுக்குள் இருந்தவருக்கே தெரியக்கூடிய விஷயங்கள். "அவள்" என்று படர்க்கையில் எழுதப்பட்டது. இதற்கு ஏதாவது பணம் கிடைத்தால், வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கொடுத்துவிடுங்கள் என்ற வேண்டுகோளும் இருந்தது. அப்போது ரூத் கேய் என்ற 85 வயது மேட்ரன் மெய்ட்லண்டில் வேலையில் இருந்தார்.

எழுதியது அவரேதானா? நான் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் "நினைக்கிறேன்" என்பதை "தெரியும்" என்று மாற்றிவிடக்கூடாது. கான்ஸ்டன்ஸ் எழுதினார் என்று தீர்மானித்துவிட்டு, அதில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் அவர் வாய்மொழியாக மேற்கோள் காட்டினால், ஒரு ஊகத்தின் மேல் பத்து மாடி கட்டியதாக ஆகும்.

தாள்கள் சொல்லாதவை

இவ்வளவு கிடைத்த பிறகும் பெரிய கேள்விக்குப் பதில் வரவில்லை. அவர் தனியாகத்தான் செய்தாரா? வாக்குமூலத்தில் சொன்ன சில விவரங்கள் உடலில் இருந்த காயங்களோடு சரியாகப் பொருந்தவில்லை என்ற சந்தேகம் அன்றைக்கே இருந்தது. தம்பியைக் காப்பாற்றத்தான் மொத்தப் பழியையும் ஏற்றுக்கொண்டார் என்ற கருத்து உண்டு. சம்மர்ஸ்கேலும் அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார். வில்லியம் 1908இல் இங்கிலாந்தில் இறந்தார். கல்லறையின் மேல் பவளத் துண்டுகளை வைத்தார்கள். அவரும் ஒன்றும் சொல்லாமல்தான் போனார்.

விடுதலையான அக்கா நேராகத் தம்பி இருந்த தீவுக்குப் போனது அந்தக் கருத்துக்கு வலு சேர்க்கிறதா? சேர்ப்பதுபோல் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அம்மா இல்லை, அப்பா இல்லை, 20 வருடச் சிறை, கையில் தொழில் இல்லை. ஒரு அக்கா தம்பி வீட்டுக்குப் போவதற்கு ரகசியம் வேண்டுமா என்ன? ஒரே தாள் இரண்டு கதைக்கும் பொருந்தினால், அது இரண்டில் எதற்கும் ஆதாரம் இல்லை.

இன்னொரு ஆசையும் வரும். தொழுநோயாளிகளுக்குச் சேவை, பிறகு அடைக்கப்பட்ட சிறுமிகளின் நடுவே 11 வருடம். உடனே "பிராயச்சித்தம்" என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிடும். எனக்கும் வந்தது, இந்தப் பதிவின் முதல் வடிவத்தில் எழுதியும் வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். ஊழியர் பதிவேடு இன்ன தேதியில் இன்ன இடத்தில் வேலை பார்த்தார் என்றுதான் சொல்லும். அன்றைய ஆஸ்திரேலியாவில், குடும்பம் இல்லாத நாற்பது வயதுப் பெண்ணுக்குத் தங்க இடமும் சம்பளமும் தரக்கூடிய கௌரவமான வேலைகள் அதிகம் இல்லை. நர்ஸ் வேலை அதில் ஒன்று. குற்ற உணர்ச்சியால் போனாரா, சோற்றுக்காகப் போனாரா, பிடித்துப்போய்ச் செய்தாரா? 88 வயது வரை செய்தார் என்பது மட்டும் தெரியும்.

கடைசியாக என்னையே நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி. தண்டனையை முழுதாக அனுபவித்துவிட்டு, பெயரை மாற்றிக்கொண்டு, கடல் தாண்டிப் போன ஒருவரைத் துரத்திக் கண்டுபிடிக்க நமக்கு என்ன உரிமை? முழுத் திருப்தியான பதில் என்னிடம் இல்லை. இரண்டு வரம்பு வைத்திருக்கிறேன். உயிரோடு இருக்கும் வாரிசுகளைத் தேடிப் போகமாட்டேன், பெயரையும் எழுதமாட்டேன். இரண்டாவது, ஒருவரின் குற்றத்தை எழுதினால் மீதி வாழ்க்கையையும் எழுத வேண்டும். ஒரு இரவை மட்டும் சொல்லி நிறுத்துவதைவிட அது நியாயம் என்று படுகிறது.

நம் குடும்பங்களிலும் இப்படி ஆட்கள் உண்டு. "அவரு ஒரு கேஸ்ல மாட்டி பினாங்குக்குப் போயிட்டாரு, அப்புறம் தகவலே இல்ல" என்று யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். தேட ஆரம்பித்தால் அவர் பெயரை முதலில் தேடாதீர்கள். அவருக்கு முன்னால் அந்த ஊருக்கு யார் போனார்கள் என்று கேளுங்கள். அண்ணனா, மச்சானா, பக்கத்து வீட்டுக்காரரா? அவர் கையில் என்ன தொழில் இருந்தது? தனியாகக் கப்பல் ஏறியவர்கள் ரொம்பக் குறைவு.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நூறு வயது நிறைந்தபோது இங்கிலாந்து ராஜாவிடம் இருந்து வாழ்த்து வந்ததையும் சொன்னேன். அது ஆறாம் ஜார்ஜ். 1865இல் எந்த அரசியின் பெயரால் அந்தப் பெண்ணின் தூக்கு நிறுத்தப்பட்டதோ, அந்த விக்டோரியாவின் கொள்ளுப்பேரன். யாருக்கு வாழ்த்து அனுப்புகிறோம் என்று அரண்மனைக்குத் தெரியாது.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: "அந்தக் கொழந்தையோட கூடப்பொறந்ததுங்களும் அங்கதான இருந்துச்சுங்க? அதுங்களுக்கு இவ யாருன்னு தெரியுமா?"

அடுத்த தேடல் அதுதான்.